சத்துணவு டீச்சர் எங்கே சார்?



போன வாரம் நம் பள்ளிக் குழுவில் ஒரு பழைய படம் வந்தது. 1990-இல் ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் எடுத்துக்கொண்ட படம். பெரம்பலூரிலிருந்து போட்டோக்காரர் வந்து, வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு எடுத்தது. பார்த்ததும் ஆளுக்கு ஆள் பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். அப்போது என் தலையில் இருந்த முடியைப் பற்றி நாலு பேர் கிண்டலும் செய்தீர்கள். சந்தோஷம். நடுவில் ஒரு மாணவி ஒரே வரியில் கேட்டார்: "சத்துணவு டீச்சர் எங்கே சார்? ஆயாக்களும் இல்லையே?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் இருக்கிறேன். உதவி ஆசிரியர்கள் இருவரும் இருக்கிறார்கள். அந்த வழியாக வந்த தபால்காரர்கூட ஓரமாக நிற்கிறார். அந்த மூன்று பேர் மட்டும் இல்லை. கூப்பிட்டோமா என்று யோசித்தேன். கூப்பிட வேண்டியவன் தலைமையாசிரியராக இருந்த நான்தான். கூப்பிடவில்லை.

அந்த ஒரு வரிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், இவ்வளவு நீளமாகிவிட்டது. வகுப்பில் கேட்ட பொறுமையோடு இதையும் படியுங்கள்.

உங்களுக்கெல்லாம் சத்துணவு என்றால் அலுமினியத் தட்டும், மணியடித்ததும் ஓடிப்போய் நின்ற வரிசையும்தான் நினைவுக்கு வரும். பத்திரிகையில் வரும் வரலாற்றில் காமராஜர், எம்.ஜி.ஆர். என்று தலைவர்களின் பெயர்கள் வரும். அது சரிதான், அவர்கள் இல்லாமல் இது இல்லை. ஆனால் உத்தரவுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருந்தது. அரசு ஏட்டில் அதன் பெயர் சத்துணவு அமைப்பாளர். ஒரு சமையலர், ஒரு சமையல் உதவியாளர், இருவரையும் மேற்பார்த்து, கணக்கெழுதி, சோறு பிள்ளையின் தட்டுக்கு வந்து சேரும்வரை பொறுப்பேற்கும் வேலை. அந்த வேலை எப்படி வந்தது, வருவதற்கு முன் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் பள்ளியில் மதியச் சோறு 1920-லேயே தொடங்கியது. சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் ஆரம்பித்தார்கள். ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. சோறு போட்டதும் பிள்ளைகள் எண்ணிக்கை கூடியது. வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிப்பதை வெள்ளைக்காரர் அரசு ஏற்கவில்லை. 1925-இல் நின்றுபோனது.

அடுத்தது 1956. நம் பக்கத்துப் பெரியவர்களிடம் 1956 என்று சொன்னால் முதலில் அரியலூர் ரயில் விபத்தைத்தான் சொல்வார்கள். நவம்பர் 23 அதிகாலையில் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 150 பேர் அளவில் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டில்தான் முதலமைச்சர் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு. அதில் 6 காசு அரசு, 4 காசு உள்ளூர்ப் பங்கு. பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று நடத்தி, ஊர்க்காரர்களையே அண்டாவும் தட்டும் அரிசியும் கொடுக்க வைத்தார்கள்.

அந்தச் சோற்றைச் சாப்பிட்டவன் நான். 1955-இல் பிறந்தவன். 1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்க அமைப்பு பால் பவுடரும் சோள ரவையும் எண்ணெயும் கொடுத்தது. அந்த உப்புமாவின் வாசனை என் வயதுக்காரர்களுக்கு இன்றும் மறந்திருக்காது. ஆனால் இன்னொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. காலை பத்து மணியானால் எங்கள் வாத்தியார் கரும்பலகையில் நாலு கணக்கை எழுதிப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அரிசி அளப்பது அவர். விறகு பார்ப்பது அவர். சமைக்கும் கிழவியோடு சண்டை போடுவதும் அவர். தண்ணீர் இறைப்பது பையன்கள், அரிசியில் கல் பொறுக்குவது பெண் பிள்ளைகள். அவர் திரும்பி வரும்போது கணக்கு அப்படியே இருக்கும். அவர் மேல் தப்பில்லை. இரண்டு வேலையை ஒரு ஆளிடம் கொடுத்திருந்தார்கள்.

1977-இல் நானே வாத்தியாரானபோது, இளையவன் என்பதால் மதிய உணவுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எத்தனை நாள் நான்காம் வகுப்பை விட்டுவிட்டு எண்ணெய் டின்னைத் தேடிக்கொண்டு போயிருக்கிறேன்! அந்த வகுப்பில் படித்து இதைப் படிக்கிறவர்கள் இருந்தால், உங்களுக்குப் பின்னம் சரியாக வராததற்கு நானும் ஒரு காரணம்.

இதை மாற்றியது 1982. ஜூலை 1-ஆம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எந்த ஊரில் தெரியுமா? திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துத் தாலுகாக்கள். ஆக, நம் மாவட்டத்து மண்ணில்தான் அது ஆரம்பித்தது. முதலில் கிராமப்புறத்தில் 2 வயது முதல் 9 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. செப்டம்பர் 15 முதல் நகரங்களுக்கு. 1984 செப்டம்பரில் 15 வயது வரை உள்ளவர்களுக்கும் என்று விரிந்தது. தொடக்கத்திலேயே அரை கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள். சின்ன வயதில் தான் பட்ட பசிதான் இதற்குக் காரணம் என்று எம்.ஜி.ஆர். சொல்லியிருக்கிறார். கஜானா தாங்காது, இந்தப் பணத்தில் தொழிற்சாலை கட்டலாம் என்று படித்தவர்கள் பேசினார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலும் அப்படிப் பேசினோம். நானும் பேசியிருக்கிறேன்.

சோற்றைப் பற்றித்தான் எல்லாரும் பேசினோம். அதோடு வந்த வேலைகளை யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு உதவியாளர். பெரும்பாலும் பெண்கள். கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை. தமிழ்நாடு முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே சமயத்தில் கையில் அரசு உத்தரவோடு வேலைக்கு வந்தார்கள்.

நம் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். மானாவாரி பூமி. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி, சோளம், சின்ன வெங்காயம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி. பெண்களுக்குக் களையெடுப்பும் பருத்தி எடுப்பும்தான் வேலை. அங்கே மேற்பார்வை என்றால் வரப்பில் நின்று குரல் கொடுக்கும் ஆண்தான். அதற்கும் முந்தைய காலத்துக்குப் போனால், நம் திருச்சி மாவட்டத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை மேற்பார்த்தவர் கங்காணி. முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். ஒரு நாளைக்கு எத்தனை பேரை வேலைக்கு இறக்குகிறாரோ அதற்குத் தலைக்காசு வாங்குவார். கடன் தீராமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தக் கடனை எழுதிய 'துண்டு' முறையை 1921-இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஒருவரின் உழைப்பை இன்னொருவர் மேற்பார்ப்பது என்றாலே நம் ஜனங்களுக்குத் தெரிந்த உருவம் அதுதான்.

அந்த ஊர்களில் எஸ்.எஸ்.எல்.சி. படித்த ஒரு இளம் விதவை, கையில் ஒரு நோட்டும் இடுப்பில் சாவிக்கொத்துமாக, இரண்டு பெண்களுக்கு மேற்பார்வையாளராக வந்து நின்றார். அடிக்க அதிகாரமில்லை, கூலி பிடிக்க அதிகாரமில்லை. அவர்கள் உழைப்பிலிருந்து அவருக்கு ஒரு காசும் வராது. பிறகு எதை வைத்து அவர் வேலை வாங்கினார்? நம் பள்ளியில் பல வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

காலை மணியடித்துச் சிறிது நேரத்தில் நோட்டோடு வகுப்பு வகுப்பாக வருவார். இன்று எத்தனை பேர்? தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு ஆளுக்கு 100 கிராம் அரிசி. 87 பேர் என்றால் 8 கிலோ 700. தராசில் நிறுத்துத்தான் கொடுப்பார், படியில் அளக்க மாட்டார். மூட்டையில் வரும் அரிசியில் கல்லும் இருக்கும், புழுவும் இருக்கும். முறத்தில் புடைத்து, இரண்டு தண்ணீரில் கழுவிய பிறகே உலை. மூட்டை வந்த நாளில் எடை குறைந்தால் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குறைவு இவர் கணக்கில் ஏறும். நேற்றைய இருப்பு, இன்றைய செலவு, மீதி என்று நாள்தோறும் எழுத வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து யாராவது திடீரென்று வந்து இறங்கினால், ஏட்டில் உள்ள மீதியும் மூட்டையில் உள்ள மீதியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்த எண்ணிக்கையில் எனக்கும் அவருக்கும் ஒரு தடவை உரசல் வந்தது. வருகை குறைந்தால் மேலே கேள்வி வரும் என்று, வராத பிள்ளைகள் சிலருக்கும் அன்று வருகை போட்டிருந்தேன். அவர் வந்து, "சார், உங்க ஏட்டுல 91. தட்டு எண்ணுனா 84. நான் எதை எழுத?" என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. நான் ஏட்டைத் திருத்தினேன். மேற்பார்வை என்பது கீழே இருப்பவர்களைப் பார்ப்பது மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சமையலர் ஆயா இவரைவிட இருபது வயது மூத்தவர். கல்யாணப் பந்திக்கே பொங்கிப் போட்ட கை. அவருக்கு இவர் சமையல் சொல்லிக்கொடுக்கவா முடியும்? சொல்லவும் மாட்டார். ஒன்றே ஒன்றில்தான் கண்டிப்பு. சாம்பார் ஊற்றும்போது, தெரிந்த பிள்ளைக்கு அடியிலிருந்து அள்ளினால் காய் வரும், மற்ற பிள்ளைக்கு மேலாக மொண்டால் தண்ணீர்தான் வரும். கரண்டி ஒன்றுதான், அளவும் ஒன்றுதான், தட்டில் விழுவது வேறு. இதை அவர் கண்டுபிடித்தார். "ஒவ்வொரு தடவையும் கலக்கிட்டு ஊத்துங்க ஆயா" என்பதுதான் அவர் போட்ட ஒரே சட்டம். அண்டா பக்கத்திலேயே நின்று அது நடக்கிறதா என்று பார்ப்பார். உங்களில் யாருக்காவது சாம்பாரில் காய் விழுந்த நினைவு இருந்தால் அது அந்தச் சட்டத்தால்தான்.

உதவியாளர் சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாமதமாகத்தான் வருவார். ஏட்டில் வராதவர் என்று எழுத அமைப்பாளருக்கு அதிகாரம் இருந்தது. எழுதியதை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவரே அரிவாள்மணையில் உட்கார்ந்து பூசணிக்காய் அரிந்துகொண்டிருப்பார். ஐப்பசி கார்த்திகையில் விறகு ஈரமாகிப் புகையும்போது மூன்று பேரும் மாறி மாறி ஊதுவார்கள். மூன்று பேருக்கும் கண் சிவந்திருக்கும். நாங்கள் புகை வகுப்புக்கு வருகிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொள்வோம்.

இப்போது நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். அதே 1990-ஆம் வருஷம் பள்ளி திறந்த சமயம். அந்த ஊரின் பெயர் உங்களுக்குத் தெரியும், இங்கே எழுத வேண்டாம்.

மூத்த ஆயா வேலையிலிருந்து நின்று, புதிதாக ஒரு சமையலர் வந்தார். காலனியைச் சேர்ந்தவர். வந்த மூன்றாம் நாள் ஊர்த் தெருப் பிள்ளைகள் பதினைந்து பேர் தட்டு எடுக்கவில்லை. சிலர் வீட்டுக்கு ஓடினார்கள், சிலர் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார்கள். மறுநாள் பெரியவர்கள் இருவர் என்னைப் பார்க்க வந்தார்கள். சண்டை போடவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். "வாத்தியாரே, நாங்க ஒண்ணும் சொல்லல. பிள்ளைங்க சாப்பிட மாட்டேங்குது. நீங்க பாத்துச் செய்யுங்க."

நான் பாடத்தில் தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று தினமும் நடத்துகிறவன். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். அன்று சாயங்காலம் அமைப்பாளரைக் கூப்பிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்ச நாளைக்கு அந்த அம்மா காய் நறுக்கட்டும், பாத்திரம் கழுவட்டும். உதவியாளர் உலை வைக்கட்டும். ஊர் அடங்கினதும் மாத்திக்கலாம்." ஊருக்குள் பிரச்சினை வரக் கூடாது, பள்ளி நடக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அவர் நின்றுகொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "சார், அவங்க ஆர்டர்ல சமையலர்னு போட்டிருக்கு. அத நான் வாயால மாத்த முடியாது. நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஃபைல்ல வச்சுட்டு, அப்படியே செய்யச் சொல்றேன்."

நான் எழுதவில்லை. எழுத முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லக் கூசாத ஒன்றை எழுதக் கூசியது. அது என்ன நியாயம் என்று அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மதியம் மணியடித்ததும் அவர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் கடைசியாக நின்றார். அந்தச் சமையலர் கையால் சோறு வாங்கி, தெருவைப் பார்த்த தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் ஊர்த் தெருக்காரர். வந்து பேசிய பெரியவர்களில் ஒருவருக்கு உறவும்கூட. மூன்றாம் நாள் நானும் தட்டோடு போய் உட்கார்ந்தேன். முதல் நாளே போயிருக்க வேண்டியவன்.

அவர் வீட்டுப் பக்கம் என்ன பேச்சு வாங்கினார் என்பது எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை. பிள்ளைகளைத் திரும்ப வரவழைத்தது எங்கள் உபதேசம் அல்ல, முட்டை. 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று கொண்டுவந்திருந்தார்கள். அடுத்த முட்டை நாள் வந்தது. தட்டு எடுக்காதவர்களில் பாதிப் பேர் வரிசைக்கு வந்துவிட்டார்கள். அதற்கடுத்த மாதம் இன்னும் சிலர். இரண்டு பிள்ளைகள் மட்டும் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை தூக்குச்சட்டியோடுதான் வந்தார்கள். அவர்களை எங்களால் கடைசிவரை மாற்ற முடியவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் இதே காரணத்துக்காக ஒரு சத்துணவுச் சமையலரை மாற்றச் சொல்லிப் பள்ளியையே முற்றுகையிட்டார்கள். முதலில் அவரை மாற்றிவிட்டு, எதிர்ப்பு வந்த பிறகே திரும்ப அதே பள்ளியில் அமர்த்தினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில் காலை உணவுத் திட்டத்தில் பட்டியலினப் பெண் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று பிள்ளைகளைத் தடுத்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். காமராஜர் 1956-இல் தொடங்கிவைத்த அதே எட்டயபுரம் பக்கம். செய்தியைப் படித்தபோது அந்தத் தாழ்வாரம்தான் என் கண்ணில் வந்தது. அங்கே எம்.பி. போக வேண்டியிருந்தது. நம் பள்ளியில் அதை ஒரு அமைப்பாளர் தனியாகச் செய்தார். பத்திரிகையும் வரவில்லை, கேமராவும் வரவில்லை.

அதற்குப் பிறகு திட்டம் எவ்வளவோ வளர்ந்தது. முட்டை 1998-இல் வாரம் ஒன்றானது. 2006-இல் இரண்டு, 2007-இல் மூன்று, 2010-இல் பள்ளி நாள் ஐந்துக்கும் ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். 1995-இல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆனால் பல மாநிலங்களில் சமைக்க ஆளில்லாமல், மாதத்துக்கு 3 கிலோ தானியமாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம், சமைத்த உணவாகத்தான் போட வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்போதுதான் நாடு முழுக்க அடுப்பும், சமைக்க ஆளும், பார்க்க ஆளும் தேட ஆரம்பித்தார்கள். நம்மிடம் அது 1982-லிருந்தே இருந்தது.

வளர்ந்த கதையில் இரண்டு துக்க நாட்களும் உண்டு. 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் கீற்றுக் கொட்டகைகள் போயின. சமையலறையை வகுப்பிலிருந்து தள்ளிக் கட்டுவதில் கண்டிப்பு வந்தது. 2013-இல், தேதி அதே ஜூலை 16, பீகாரில் சாப்ரா பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்ததைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். எண்ணெய் வாடை சரியில்லை என்று சமையல்காரப் பெண் சொல்லியும் கேட்கவில்லை என்று செய்தி வந்தது. அதைப் படித்தபோது நம் டீச்சரை நினைத்தேன். பிள்ளைக்குப் போடும் முன் ஒரு கரண்டி எடுத்துத் தானே தின்று பார்ப்பார். உப்புப் பார்ப்பதற்கு என்று நான் நினைத்திருந்தேன். பெரியவர்கள் முதலில் சுவைத்துப் பார்த்து அரை மணி நேரம் கழித்தே பரிமாற வேண்டும் என்ற விதி இன்று நாடு முழுக்கச் சொல்லப்படுகிறது. அவர் எந்த விதியும் பார்த்துச் செய்யவில்லை.

மாவட்டமும் நடுவில் பல தடவை மாறியது. 1995-இல் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம். 2001-இல் அரியலூர் தனி மாவட்டம். 2002-இல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டம். சத்துணவுக் கோப்புகள் திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் அரியலூருக்குமாக மூட்டை மூட்டையாகப் போய் வந்தன. அறிக்கை கொண்டுபோய்க் கொடுக்கும் பஸ்தான் அமைப்பாளர்களுக்கு மாறியது. அடுப்பு அதே இடத்தில்தான் எரிந்தது.

ஆனால் அந்த அமைப்பாளர்களின் நிலை? மதிப்பூதியம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஆக்கினார்கள். முழுநேர அரசு ஊழியராக்குங்கள், முறையான ஓய்வூதியம் கொடுங்கள் என்று பல வருஷமாக மறியல் செய்கிறார்கள், கைதாகிறார்கள், மண்டபத்தில் அடைக்கப்பட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார்கள். ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடைப்பது என் ஓய்வூதியத்தோடு ஒப்பிடவே முடியாத சிறு தொகை. ஒரே வளாகத்தில், ஒரே மணிக்கு, ஒரே பிள்ளைகளுக்கு வேலை செய்தோம். காலிப் பணியிடம் நிரம்பாததால் இன்று பல இடங்களில் ஒரே அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அண்டா பக்கத்தில் நின்று கரண்டியைப் பார்க்க அவரால் எப்படி முடியும்?

2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. சுய உதவிக் குழுப் பெண்கள், பெரும்பாலும் அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மார்கள், சமைக்கிறார்கள். நல்ல திட்டம். என் பேரன் வயதுப் பிள்ளைகள் காலையில் கிச்சடியும் பொங்கலும் சாப்பிடுவதைப் பார்க்கையில் வயிறு நிறைகிறது. அந்தத் தாய்மார்களுக்கும் ஒரு நல்ல மேற்பார்வையாளர் வேண்டும், அவருக்கும் ஒரு நல்ல சம்பளம் வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

குழுவில் அந்தக் கேள்வி வந்த மறுநாள், எண் தேடிப் பிடித்து நம் சத்துணவு டீச்சருக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கல். புகைதான் காரணம் என்று மகள் சொன்னார். படத்தைப் பற்றிச் சொன்னேன். "உங்களைக் கூப்பிடாம விட்டுட்டேன்மா, தப்பு என் பேர்லதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தார். "போட்டோக்காரர் வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு சார். அடுப்புல உலை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க முடியாது" என்றார்.

எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா தெரியவில்லை. கூப்பிட்டிருந்தால் உலையை இறக்கிவைத்துவிட்டு வந்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அவர்கள் மூவரும் இருக்கும் படம் எந்த வருஷத்துடையதாக இருந்தாலும், யார் வீட்டு ஆல்பத்தில் இருந்தாலும் தேடிக் குழுவில் போடுங்கள். ஓரத்தில் பாதி முகம் தெரிந்தால்கூடப் போதும். பெரிதாக்கி அவர் மகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இரண்டாவது, உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சோறு போடுகிறவர்களை, கழுவிப் பெருக்குகிறவர்களை, அவர்களை மேற்பார்ப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழக்குங்கள். அடுத்த முறை ஆண்டு விழாவில் குழுப்படம் எடுக்கும்போது அவர்களுக்கும் நாற்காலி போடச் சொல்லுங்கள். நான் போடவில்லை. நீங்கள் போடுங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்